முடிச்சனின் கை

மகனுக்கு,

உன் மகள் நன்றாக இருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடுகிறாள், மத்தியானம் தூங்க மாட்டேன் என்கிறாள், அவள் ஆயாவை ஒரு நிமிஷம் உட்கார விடுவதில்லை. அந்த ஆயா, உன் அம்மா, அவளும் நன்றாகத்தான் இருக்கிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்க வேண்டாம், நீ எப்படி இருக்கிறாய் என்று நானும் கேட்கப் போவதில்லை. நலம் விசாரிக்க உட்கார்ந்து எழுதுகிற கடிதம் இல்லை இது. உன்மேல் பழி தீர்த்துக்கொள்ள எழுதுகிறேன். அதனால்தான் இதை உறையில் போட்டு ஒட்டாமல், தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பப் போகிறேன். நீ என்னைப் பற்றி ஊரறியப் பேசினாய். நானும் ஊரறியத்தான் எழுதுவேன்.

படம் வெளிவந்த வாரம் நீ கொடுத்த பேட்டியைச் சொல்கிறேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, முகத்தில் விளக்கு அடிக்க, சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். படத்தில் வருகிற முடிச்சன் என்கிற அரக்கன் நடப்பது, திரும்புவது, கையை அசைப்பது எல்லாம் நீ கம்ப்யூட்டரில் செய்தது என்று அந்தப் பெண் உன்னைப் புகழ்ந்தாள். எப்படி வரைய ஆரம்பித்தீர்கள் என்று கேட்டாள். நீ கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டுச் சொன்னாய்: "சின்ன வயசுல எங்க வீட்டுச் செவுத்துல ஒரு அரக்கன் வரைஞ்சேன். அதுதான் என் முதல் படம். மறுநாள் ஸ்கூல் விட்டு வந்து பாத்தா எங்க அப்பா அதுமேல வெள்ளை அடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் நான் வரையிறதை நிறுத்தவே இல்ல." அந்தப் பெண் உச்சுக்கொட்டினாள். அந்த உச்சு நம்ம பிள்ளையார்பாளையம் முழுக்கக் கேட்டது. ஒருத்தர் போனிலிருந்து இன்னொருத்தர் போனுக்குப் போய், கடைசியில் எனக்கே வந்து சேர்ந்தது.

என் வேலை உனக்குத் தெரியும், இதைக் கேட்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, புது இழை ஒவ்வொன்றையும் பழைய இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்ட இரண்டு விரலால் முறுக்கி ஒன்றாக்க வேண்டும். பாவு பிணைப்பது என்பார்கள். அதற்காக வீடு வீடாகப் போகிறவன் நான். போன வீட்டிலெல்லாம் உன் பேட்டி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. உன்னோடு படித்தவன் குமரேசன், அவன் வீட்டுத் தறியில் நான் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது, "இன்னா நைனா, பொங்கலு வருது, எங்க வூட்டுக்கும் வந்து வெள்ளை அடிச்சுக் குடுக்கிறியா" என்று கேட்டான். அவன் பெண்டாட்டி ராட்டையைச் சுற்றியபடியே சிரித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை எங்கே எப்படி மடக்குவது என்று அன்றைக்கே கறுவ ஆரம்பித்துவிட்டேன்.

வெள்ளை அடித்தது நிஜம். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போகிக்கு முன்னால் தெரு முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கிற ஆள் வந்து வாசலில் நிற்கிறான். அவனிடம், இந்தச் சுவரில் என் மகன் வரைந்த அரக்கன் இருக்கிறான், அவனைச் சுற்றிக்கொண்டு அடி என்றா சொல்வார்கள்? கோரைப்பல்லும் நகமுமாக அவன் முழித்துக்கொண்டிருக்க, அவன் கண்ணெதிரில் பொங்கல் பானை வைப்பதா? அதுவும் என் சாம்பல் கிண்ணத்தைக் காலி பண்ணி வரைந்திருந்தாய். மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் அடுப்புச் சாம்பல் கேட்டு வாங்கிச் சலித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் நீ சொல்லவில்லை. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். பெற்றவன்மேல் குறை இருந்தால் அவன் எதிரில் வந்து உட்கார்ந்து சொல்லு. கத்திச் சொல்லு, தட்டைத் தூக்கி எறிந்துகூடச் சொல்லு. முகம் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் கொட்டுகிற உச்சையெல்லாம் பெற்றவன் தெருவில் பொறுக்கிக்கொண்டு நடக்கும்படி செய்யாதே. உனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

இவ்வளவு ஆத்திரத்தை வைத்துக்கொண்டு ஏன் அந்தப் படத்துக்குப் போனேன் என்று கேட்பாய். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவள் பொங்கல் வரைக்கும் இருக்கட்டும் என்று இனியாவைக் கொண்டுவந்து விட்டபோது, வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து அப்பா படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவளிடம் சொன்னது நீ. அந்த ஞாயிறு அவள் காலையிலேயே குளித்து, தலை பின்னி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நீ வரவில்லை. பெங்களூரில் வேலை முடியவில்லை என்று போன் வந்தது. அடுத்த ஞாயிறும் அதே பை, அதே வாசல், அதே போன். சரி, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். நீ அவசரமாக, "வேணாம்பா, அங்க தியேட்டர்ல சவுண்டு சரியா இருக்காது. நானே வந்து கூட்டிக்கினு போறேன். நீ போவாத" என்றாய். சவுண்டின்மேல் உனக்கு ஏன் அவ்வளவு அக்கறை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் முதல் நாளே போயிருப்பேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வயிறு எரிந்துகொண்டிருந்தாலும், அவ்வளவு பெரிய திரையில் உன் பெயரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அந்த ஆசைதான் என்னைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தியேட்டருக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். அவள் உட்கார்ந்ததும் சீட்டு மடங்கி அவளையும் சேர்த்து மூடிக்கொண்டது. என் துண்டை மடித்துப் போட்டு, சீட்டின் நுனியில் உட்கார வைத்து, பாப்கார்ன் டப்பாவை மடியில் கொடுத்தேன். முன் வரிசையில் முசரவாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பிள்ளைகளோடு வந்திருந்தது. படம் ஆரம்பிக்கும் முன்பே அந்த வீட்டுப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், இந்தப் படத்தில் வேலை செய்தவன் என் மகன் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பேரப்பிள்ளைகள் என்னையே சினிமாக்காரனைப் போலப் பார்த்தன. அந்தப் பெருமை இடைவேளை வரைக்கும்கூட நிற்கவில்லை.

படம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. காலொடிந்த ஒரு பறவையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி மேகத்துக்கு அப்பாலிருக்கிற மலைக்குப் போகிறாள். அங்கே உன் முடிச்சன். பனிமூட்டத்தைத் திரித்துக் கயிறாக்கி, பறக்கிற எல்லாவற்றின் காலையும் கட்டிப்போடுகிறவன். முதலில் அவன் முகத்தை நீங்கள் காட்டவில்லை. கோயில் கதவு அளவுக்கு ஒரு கையைத்தான் காட்டினீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சாம்பல் நிறம். இரண்டையும் சேர்த்து ஒரு முறுக்கு, ஒரு நீவல், தள்ளிவிட்டு அடுத்த இழை. பிறகு குரல் வந்தது. "உக்காரு. எழுந்தா அறுந்துடும்." என் வாயில் வருகிற சொல், எழுத்து மாறாமல். பள்ளிக்கூட லீவு நாளில் நீ என் எதிரில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்த காலத்தில் நான் ஓயாமல் சொன்ன சொல். இனியா என் பக்கம் திரும்பினாள். "தாத்தா, இது உன் கை" என்றாள். அவள் குரல் எவ்வளவு கணீரென்று இருக்கும் என்று உனக்கே தெரியும். முன் வரிசைக் குடும்பம் மொத்தமும் திரும்பி, சீட்டின் கைப்பிடியில் இருந்த என் கையைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து அது முறுக்கிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் அது அப்படித்தான் செய்யும், நான் சொன்னால் கேட்காது. அவர்களுடைய கடைக்குட்டி எழுந்துபோய் அம்மா மடியில் ஏறிக்கொண்டது.

கடைசியில் முடிச்சன் தான் திரித்த கயிற்றிலேயே மாட்டிக்கொண்டு பாதாளத்தில் விழுகிறான். விழும்போதும் அந்தக் கை ஒரு தடவை முறுக்கிக்கொண்டே போகிறது. பிள்ளைகள் விசிலடித்தார்கள். முசரவாக்கத்துப் பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார், என் கையைக் குலுக்கிய அதே கையால். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. எல்லாம் இங்கிலீஷில், பொடி எழுத்தில், யாரோ துரத்துவதைப் போல ஓடின. எழுத்துக் கூட்டி உன் பெயரைத் தேடுவதற்குள் விளக்கைப் போட்டு, கூட்டுகிறவர்கள் துடைப்பத்தோடு உள்ளே வந்துவிட்டார்கள். வெளியே வந்து ரோட்டைக் கடக்க வேண்டும். பஸ்ஸும் ஆட்டோவும் முட்டி மோதுகிற இடம். நான் கையை நீட்டினேன். இனியா கையைப் பார்த்தாள், பின்னால் ஒரு அடி போனாள். திட்டவில்லை, அழவில்லை. குனிந்து என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அந்த ரோட்டை நாங்கள் அப்படியே கடந்தோம். ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி நீ செய்ததைக்கூட விட்டிருப்பேன். என் பேத்தி என் கையைத் தொட அஞ்சும்படி செய்தாய் பார், அதற்காகத்தான் உன்னை விடக் கூடாது என்று நடுரோட்டில் வைத்து நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். நான் பிசைந்து கொடுத்தால் சோறு வேண்டாம், ஆயா பிசைந்தால் வேண்டும். நான் விபூதி வைக்கப் போனால் நெற்றியை நகர்த்திக்கொண்டாள், தானே தொட்டு வைத்துக்கொண்டாள். நீ போன் பண்ணினால் குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். ஒரே நாளில் இத்தனை தடவை குளிக்கிற மனுஷன் ஊரில் உண்டா என்று உன் அம்மா கேட்டாள். பெங்களூருக்குப் பஸ் ஏறி, உன் ஆபீஸ் வாசலில் நின்று, உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசலாமா என்றுகூட யோசித்தேன். அதெல்லாம் ஆகிற காரியமா? கைக்கு எட்டிய பழியைச் செய்தேன். பங்குனித் திருவிழாவில் ஏகாம்பரநாதர் ராவணன் வாகனத்தில் வந்தபோது, பத்துத் தலையையும் பார்த்து அலறி, என் தோள்மேலேயே நீ ஒன்றுக்குப் போன கதையை இனியாவிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். அன்றைக்குக் கட்டியிருந்தது புது வேட்டி என்பதையும் விடவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் கையைத் தொடவில்லை.

அந்தக் கதையைச் சொல்லும்போதுதான் எனக்கு இன்னொரு கோபம் வந்தது. நம்ம ஊரில் ராவணனைக்கூட யாரும் பாதாளத்தில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. வர்ணம் பூசி, மாலை போட்டு, சாமியைத் தூக்க வைக்கிறோம். அரக்கனுக்கும் ஒரு வேலை கொடுத்து வைத்திருக்கிற ஊர் இது. நீ இந்த ஊரில் பிறந்தவன், அந்த வாகனத்துக்குப் பின்னாலேயே நடந்து வளர்ந்தவன். என் கையை எடுத்துக்கொண்டாய், சரி. அதற்குத் தூக்குவதற்கு எதையாவது கொடுத்திருக்கக் கூடாதா? அந்த ஒடிந்த பறவையின் காலையாவது சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கலாம். வெறுமனே கட்டிப்போடுகிற கை என்று காட்டிவிட்டாய். அதற்கு முடிச்சன் என்று பெயர் வேறு. பிணைப்பில் முடிச்சே கிடையாதடா. முடிச்சுப் போட்டால் தறி அச்சின் பல்லில் சிக்கிக்கொண்டு நிற்கும். முறுக்கித்தான் விடுவோம், தடவினால்கூடத் தெரியாது. என் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவனுக்கு இது தெரியாமல் போய்விட்டது.

இப்படி உன் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, இனியா ஊஞ்சலில் உட்கார்ந்து முடிச்சன் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். இடது கையை நீட்டி முறுக்கிக்கொண்டு, "உக்காரு, எழுந்தா அறுந்துடும்" என்று பொம்மையை மிரட்டினாள். அந்தக் கை இல்லை, இந்தக் கை என்று என் வலது கையைக் காட்டினேன். "இல்ல, முடிச்சனுக்கு இந்தக் கைதான்" என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எனக்குள் ஒரு நப்பாசை எட்டிப்பார்த்தது. அவள் சொல்வது மட்டும் நிஜமாக இருந்தால், நீ செய்தது தப்பு. வருஷக்கணக்காக உட்கார்ந்து, கம்ப்யூட்டரைத் தேய்த்து, கடைசியில் அப்பனுக்கு எந்தக் கை என்றுகூடத் தெரியாதவன் என்று உன் மூக்கை உடைக்கலாம். மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் தடவை போனேன். கை வரும் இடம் வந்ததும் என் இரண்டு கையையும் இருட்டில் தூக்கிப் பிடித்து, கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று ஒத்துப்பார்த்தேன். பின்னால் இருந்தவர் கையைக் கீழே போடு பெரியவரே என்றார். போடவில்லை. இடது கைதான். சுத்தமான இடது கை. அந்தத் தியேட்டரில் முடிச்சனைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வெளியே வந்து அதே ரோட்டோரம் நின்றோம். என் சட்டை நுனிக்குக் கை கொண்டுவந்தவள், நடுவில் நிறுத்தினாள். "தாத்தா, ரெண்டு கையும் காட்டு" என்றாள். காட்டினேன். விரல் நுனிகளைக் கிட்டத்தில் வந்து பார்த்தாள். வலது கையில் சாம்பல் ஏறிய தோல், இடது கையில் ஒன்றுமில்லை. தன் இடது கையை ஒரு தடவை முறுக்கிப் பார்த்துக்கொண்டாள். "முடிச்சனுக்கு இந்தக் கை. உனக்கு அந்தக் கை. அப்போ நீ முடிச்சன் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு, கணக்குச் சரியாகிவிட்டது என்பதைப் போல என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பஸ் போய், இன்னொரு பஸ் போய், நாங்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தோம். வா தாத்தா என்று அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தில் உன் தப்பை மட்டும் எழுதி அனுப்பியிருப்பேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு தன் இடது கையைக் காட்டி அவள் ஒன்று சொன்னாள். "இந்தக் கை அப்பாவுக்குத்தான் தாத்தா. மௌஸு அந்தக் கையில இருக்கும். இந்தக் கை சும்மாவே இப்பிடி பண்ணிக்கினு இருக்கும்." உன் மகள் இப்போது பண்ணிக்கினு, வந்துக்கினு என்றெல்லாம் பேசுகிறாள். உன் பெண்டாட்டிக்குப் பிடிக்காது. அதையும் என் பழியில் சேர்த்துக்கொள். ஆனால் அவள் சொன்னதை வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன். நீ இடது கைக்காரன் இல்லை. சோறு, எழுத்து எல்லாம் வலது கைதான். பிறகு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

வீட்டுக்கு வந்து, சும்மா இருந்த நூலை எடுத்து, இனியாவை எதிரில் உட்காரச் சொல்லி முறுக்கிக் காட்டினேன். என்னைப் பார்த்து அவளும் செய்தாள், இடது கையால். கண்ணாடியில் பார்ப்பதைப் போல. அப்போது எனக்கு நீ தெரிந்தாய். பாவுக்கு அந்தப் பக்கம், கால்சட்டையோடு சம்மணம் போட்டுக்கொண்டு, இழையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த இழை கேட்கும் வரைக்கும் என் கையையே பார்த்துப் பார்த்து உன் இடது கையை முறுக்கிக்கொண்டிருந்த நீ. தப்புக் கை, மாற்று என்று நான் உன் புறங்கையில் தட்டியிருக்கிறேன். நீ மாற்றவில்லை. என்மேல் உனக்குக் கோபம், வரைய விடவில்லை, விளையாட விடவில்லை, உட்கார வைத்தேன் என்று. அந்தக் கோபத்தையெல்லாம் வைத்துக்கொண்டுதான் அப்படிப் பார்த்திருக்கிறாய். ஆகவே மகனே, அந்தத் திரையில் கோயில் கதவு அளவுக்கு வந்தது என் கை இல்லை. உன் கை. என்னை அரக்கனாக்க உட்கார்ந்து, உன்னை வரைந்துவிட்டு எழுந்து போயிருக்கிறாய். இதைவிட நல்ல பழியை நானே யோசித்திருந்தாலும் எனக்குத் தோன்றியிருக்காது.

அதற்கடுத்த நாள் நான் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், கூடத்துச் சுவரில் ஒரு அரக்கன் நிற்கிறான். நீ வரைந்த அதே சுவர். அடுப்புக்கரியால் உடம்பு, என் சாம்பல் கிண்ணத்தைக் காலி பண்ணி விரல் நுனி. மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறான், உன் குறுந்தாடி வைத்திருக்கிறான். வலது கையில் வாலுள்ள ஒரு எலி, அதுதான் மௌஸாம். இடது கை உடம்பைவிடப் பெரிது. அவன் காலடியில் பொடியாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். யார் இது என்று கேட்டேன். "அப்பா முடிச்சன்" என்றாள். கீழே இருப்பது யார் என்றேன். தான்தான் என்றாள், அப்பா வேலை செய்யும்போது பக்கத்தில் போனால் அப்படித்தான் உட்கார வேண்டுமாம். "உக்காரு, எழுந்தா கேபிள் புடுங்கிக்கும்னு சொல்லுவாரு" என்றாள். அவள் குறையாகக்கூடச் சொல்லவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் சந்தோஷமாக இருந்தது, நல்லா மாட்டினாயா என்று. அப்புறம் அந்தப் பொடிப்பெண் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தேன். சம்மணம் போட்டுக்கொண்டு, அண்ணாந்து, அந்தப் பெரிய கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்குக் காலையில் வெள்ளை அடிக்கிற ஆள் வந்தான். அந்தக் காலத்து ஆளுடைய மகன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கூடத்துச் சுவரைப் பார்த்துவிட்டு, குழந்தைக் கிறுக்கல், இரண்டு தடவை அடித்தால் போய்விடும் என்றான். இனியா தூண் மறைவில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "இந்தச் செவுத்தத் தொடாத, மத்ததை அடி" என்றேன். பொங்கலுக்குச் சுவர் இப்படியா இருக்கும் என்று அவன் கேட்டான். இப்படித்தான் இருக்கும் என்றேன். அவன் போய்ச் சமையலறையில் ஆரம்பித்தான். உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கும் இந்த ஒரு வார்த்தைய சொல்லியிருக்கக் கூடாதா" என்றாள். அதற்கு என் பதிலை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அது உனக்குச் சாதகமாகப் போய்விடும்.

ஆகவே என் பழி என்னவென்று இப்போது தெரிந்துகொள். பொங்கலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தச் சுவருக்கு எதிரில்தான் உட்காருவார்கள். யார் இது என்று கேட்பார்கள். என் மகன், பெங்களூரில் இருக்கிறான், பெரிய வேலை என்று சொல்லுவேன். குமரேசனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டுவேன். நீயும் வந்தால் அதற்கு எதிரில்தான் உனக்கு இலை. அடுத்த வருஷம் வெள்ளை அடிக்க வந்தாலும் அந்தச் சுவரை விட மாட்டேன், அதற்கடுத்த வருஷமும் விட மாட்டேன். உன் மகள் கையில் வரைகிற புத்தி இருக்கிறது, அது உனக்கே தெரியும். ஒரு நாள் அவளையும் யாராவது விளக்கு வெளிச்சத்தில் உட்கார வைத்து, எப்படி வரைய ஆரம்பித்தாய் என்று கேட்பார்கள். அவள் கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு, சின்ன வயதில் எங்கள் தாத்தா வீட்டுச் சுவரில் ஒரு அரக்கன் வரைந்தேன், எங்கள் தாத்தா அதை அழிக்க விடவில்லை என்று சொல்லுவாள். அன்றைக்கு நான் இருக்க மாட்டேன். நீ இருந்து கேட்க வேண்டும். கேட்டு, உனக்கு வயிறு எரிய வேண்டும்.

இப்படிக்கு,
வலது கைக்காரனான உன் அப்பன்.